கல்ச்சர் அறிக்கையில் எல்லா மருந்துக்கும் ‘ஆர்’: மருத்துவமனைக் கிருமிகள் பற்றி ஓர் இழை

பதிவு 1 | தோவாளை_மருமகள்

உறவுகளுக்கு வணக்கம். என் மாமியாருக்கு எழுபது வயது கடந்துவிட்டது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததால், மாவட்டத்திலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. அறுவை நல்லபடியாகவே முடிந்தது. பிறகு மூச்சுத்திணறல் வந்து ஐசியுவுக்கு மாற்றி வென்டிலேட்டர் வைத்தார்கள். சில நாட்களில் காய்ச்சல் ஏறியது. சளியும் நிறம் மாறியது. மூச்சுக்குழாயிலிருந்து எடுத்த சளியில் ‘கிளெப்சியெல்லா நிமோனியே’ என்ற கிருமி வளர்ந்திருப்பதாக இன்று கல்ச்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை) அறிக்கை கொடுத்திருக்கிறார்கள். அதில் மருந்துகளின் பெயர்கள் ஒரு பக்கம் முழுக்க வரிசையாக இருக்கின்றன. மெரோபெனம் உட்பட எல்லாவற்றுக்கும் எதிரே ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்து. கொலிஸ்டின் என்ற ஒன்றுக்கு மட்டும் ‘ஐ’.

எங்கள் அத்தை மாத்திரை விழுங்குவதே அரிது. காய்ச்சல் என்றால் சுக்கும் மல்லியும் தட்டிப்போட்டுக் கொதிக்க வைத்துக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார். அப்படிப்பட்டவருடைய உடம்பு இத்தனை மருந்துக்கும் எப்படிப் பழகிப்போனது என்பது எனக்கு விளங்கவில்லை. திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய்விடலாமா என்றும் வீட்டில் பேச்சு நடக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதிவு 2 | கிருமித்தட்டு

அக்கா, அத்தை விரைவில் குணமடைய வேண்டுகிறேன். நான் நாகர்கோவிலில் ஓர் ஆய்வகத்தின் நுண்ணுயிரியல் பிரிவில் பணிபுரிகிறேன், மருத்துவர் அல்லன். ஆகவே சிகிச்சையைப் பற்றி நான் பேசக்கூடாது. அந்த அறிக்கையை எப்படி வாசிப்பது என்பதை மட்டும் சொல்கிறேன்.

உடம்பு ஆன்டிபயாடிக்குக்குப் பழகிப்போவதில்லை. எதிர்ப்புத்திறன் பெறுவது கிருமி. அத்தையின் உடம்பில் இதற்கு முன் ஒரு துளி மெரோபெனம்கூட ஏறியிராமல் இருக்கலாம். ஆனால் அந்த மருந்தைப் பல நோயாளிகளின் உடம்பில் எதிர்கொண்டு தப்பிப் பிழைத்த ஒரு கிருமியின் வழித்தோன்றல் அவருடைய நுரையீரலுக்குள் போயிருக்க முடியும். கிளெப்சியெல்லா மனிதக் குடலில் சாதாரணமாக வாழும் கிருமிதான். மருத்துவமனையில், அதுவும் ஐசியுவில், வயதான ஒருவர் சில நாட்கள் படுத்திருந்தால், அங்கே உலவும் வகைக் கிருமிகள் அவருடைய தொண்டையிலும் குடலிலும் மெல்லக் குடியேறிவிடுகின்றன. இருமித் துப்பும் வலு இருக்கும்வரை அவை கீழே இறங்குவது கடினம். வென்டிலேட்டர் குழாய் உள்ளே போனதும் அந்தத் தடுப்பு இல்லாமல் போகிறது. குழாயின் ஓரமாக வழியும் எச்சிலோடு கிருமியும் நுரையீரலுக்கு இறங்குகிறது.

ஆய்வகத்தில் நடப்பது இதுதான். சளியை, கிருமி வளர்க்கும் கூழான மக்கான்கி அகார் தட்டில் தீற்றி, 37 டிகிரி வெப்பத்தில் ஒரு நாள் வைக்கிறோம். மறுநாள் கிளெப்சியெல்லா இளஞ்சிவப்பு நிறத்தில் கொழகொழவென்று திரண்டு நிற்கும். சில வகைகளைக் கம்பி வளையத்தால் தொட்டுத் தூக்கினால் நூலாக இழுபடும். அதில் சிறிது எடுத்து வேறொரு தட்டில் சீராகப் பரப்பி, மருந்து ஊறிய சிறு காகித வில்லைகளை அதன்மேல் வைக்கிறோம். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வட்டம் விழும். அதன் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, அட்டவணையோடு ஒப்பிட்டு, ‘எஸ்’ என்றால் கேட்கும், ‘ஆர்’ என்றால் கேட்காது, ‘ஐ’ என்றால் இடைப்பட்ட நிலை என்று எழுதுகிறோம். பெரிய ஆய்வகங்களில் இதையே இயந்திரம் செய்கிறது. உங்கள் அத்தையின் கிருமி போன்றவற்றில் வட்டமே விழாது. வில்லையின் விளிம்புவரை படர்ந்து நிற்கும்.

கொலிஸ்டினுக்கு ‘ஐ’ என்று இருப்பதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான சிஎல்எஸ்ஐ, இந்த மருந்தின் பலன் நிச்சயமற்றது என்பதால், 2020 முதல் அதற்கு ‘எஸ்’ என்ற பிரிவையே எடுத்துவிட்டது. ஆகவே அந்த அட்டவணையைப் பின்பற்றும் ஆய்வகங்களில் கொலிஸ்டினுக்குக் கிடைக்கக்கூடிய ஆகச் சிறந்த எழுத்தே ‘ஐ’தான். இன்னொன்று: கொலிஸ்டின் பெரிய மூலக்கூறு, அகாருக்குள் சரியாகப் பரவாது. ஆகையால் காகித வில்லையை வைத்துச் செய்த சோதனையை நம்பக்கூடாது; திரவத்தில் படிப்படியாக நீர்க்கச் செய்து பார்க்கும் முறைதான் ஏற்கத்தக்கது. எந்த முறையில் சோதித்தார்கள் என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம்.

தட்டில் கிருமி வளர்ந்தது என்பதாலேயே அதுதான் நோய்க்குக் காரணம் என்றும் ஆகிவிடாது. சும்மா குடியிருக்கும் கிருமியும் சளியில் வளரும். காய்ச்சல், எக்ஸ்ரே, ஆக்சிஜன் தேவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்.

பதிவு 3 | வடசேரி_சந்தை

தம்பி தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதியதிலிருந்தே ஒரு கேள்வி எழுகிறது. கிருமி மருத்துவமனைக்குள் இருந்துதான் வந்தது என்றால் அதற்குப் பொறுப்பு மருத்துவமனை அல்லவா? இடுப்பெலும்புக்குப் பணம் கட்டிய குடும்பம், மருத்துவமனை கொடுத்த நோய்க்கும் பணம் கட்ட வேண்டுமா? எங்கள் பாட்டனார் காலத்தில் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து அறுவை செய்துகொண்டு நலமாகத் திரும்பியவர்களைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு மெரோபெனமும் கிடையாது, கொலிஸ்டினும் கிடையாது. இன்றைக்கு இத்தனை மருந்து இருந்தும் ஏன் இந்த நிலை?

பதிவு 4 | நெய்யூர்_பேரன்

அண்ணாச்சி, நெய்யூர் என்றதும் நான் எழுதாமல் இருக்க முடியாது. அந்த மருத்துவப் பணி 1838-இல் தொடங்கியது. 1922 எவரெஸ்ட் பயணத்தில் இருந்த மருத்துவர் சாமர்வெல், அதற்குப் பிறகு இங்கே வந்து தங்கி, இரைப்பைப் புண் அறுவைகளுக்குப் பெயர் பெற்றார். பெனிசிலின் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது 1940-களில்தான். அதற்கு முந்தைய இருபது ஆண்டுகள் அவர் செய்த அறுவைகள் எல்லாம் ஆன்டிபயாடிக் துணையின்றி நடந்தவை. அவை நடந்ததற்குக் காரணம், கருவிகளை நீராவியில் அவிப்பதும் கையைத் தேய்த்துக் கழுவுவதும் அறுவை அறையின் சட்டமாக இருந்ததுதான்.

ஆனால் அந்தக் காலத்தையும் இந்தக் காலத்தையும் அப்படியே ஒப்பிடுவது சரியாகாது. நலமாகத் திரும்பியவர்களின் கதைதான் நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்தது. திரும்பாதவர்களின் கதை கல்லறைத் தோட்டத்தில் நின்றுவிட்டது. அன்றைக்கு வென்டிலேட்டர் இல்லை, டயாலிசிஸ் இல்லை, புற்றுநோய்க்கான கீமோ இல்லை, ஏழாம் மாதம் பிறந்த குழந்தையைக் காப்பாற்றும் பிரிவு இல்லை. இன்று மருத்துவமனைக் கிருமிக்கு எளிதில் ஆட்படுகிறவர்களில் பெரும்பாலோர், அன்றாக இருந்தால் அந்தக் கிருமி வருவதற்கு முன்பே இறந்திருப்பார்கள்.

பதிவு 5 | ஓய்வுபெற்ற_சிஸ்டர்

நான் பணிக்காலத்தில் பெரும்பகுதியை ஐசியுவில் கழித்தவள். வடசேரி அண்ணாச்சியின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. மருத்துவமனையில் சேர்ந்து 48 மணி நேரத்துக்குப் பிறகு தலைகாட்டும் தொற்றைத்தான் பொதுவாக மருத்துவமனைத் தொற்று என்று கணக்கில் எடுக்கிறோம். அதில் ஒரு பகுதி தவிர்க்க முடியாதது. ஒரு பகுதி நிச்சயமாகத் தவிர்க்கக் கூடியது. தவிர்க்கக் கூடிய பகுதி பெரும்பாலும் கைகளின் வழியாகத்தான் வருகிறது.

1847-இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிரசவ வார்டுக்குள் நுழையும் மாணவர்கள் குளோரின் கரைசலில் கைகழுவ வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார். அந்த ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டுத் தாய்மார் இறந்த வார்டில், இரண்டே மாதத்தில் அது நூற்றுக்கு இரண்டு என்ற அளவுக்கு இறங்கியது. கிருமி என்ற ஒன்று இருப்பதே அப்போது அவருக்குத் தெரியாது. நமக்கு எல்லாம் தெரிந்தும், நாள் முழுக்க அதைக் கடைப்பிடிக்க வைப்பதுதான் பெரும்பாடு. நோயாளியைத் தொடுவதற்கு முன், ஊசியோ குழாயோ போடுவதற்கு முன், இரத்தமோ சளியோ பட்டபின், நோயாளியைத் தொட்டபின், அவருடைய கட்டிலையோ மானிட்டரையோ தொட்டபின் என்று உலக சுகாதார நிறுவனம் ஐந்து தருணங்களைச் சொல்கிறது. ஆல்கஹால் கரைசல் என்றால் இருபது முதல் முப்பது விநாடி, சோப்பும் நீரும் என்றால் நாற்பது முதல் அறுபது விநாடி. ஒரு செவிலியர் இரண்டு வென்டிலேட்டர் நோயாளிகளைப் பார்க்கும்போது இதைச் செய்துவிடலாம். ஐந்து பேரைப் பார்க்கச் சொன்னால் முதலில் விட்டுப்போவது கைகழுவல்தான். ஆள் குறைப்பில் மிச்சம் பிடிக்கும் பணம் மெரோபெனம் பில்லாகத் திரும்பி வருகிறது என்பதை நிர்வாகங்கள் கணக்குப் பார்ப்பதில்லை.

என்னை மிகவும் எரிச்சலூட்டியது கையுறை. கையுறை அணிந்துவிட்டால் கை சுத்தம் என்ற நினைப்பு பலருக்கும் இருக்கிறது. சளியை உறிஞ்சி எடுத்த அதே கையுறையோடு டிரிப்பின் வேகத்தைத் திருப்புவார்கள், கேஸ் ஷீட்டில் எழுதுவார்கள், அடுத்த கட்டிலில் அலாரம் அடித்தால் ஓடிப்போய் அதையும் அமுக்குவார்கள். கையுறை காப்பாற்றுவது அணிந்தவருடைய கையை, நோயாளியை அல்ல. அசினெட்டோபாக்டர் என்ற கிருமி, காய்ந்த கட்டில் கம்பியிலும் மானிட்டர் பொத்தானிலும் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

மருமகளே, நீங்கள் ஐசியுவுக்குள் போகும்போது இவற்றைக் கவனிக்கலாம். படுக்கையின் தலைப்பக்கம் முப்பது முதல் நாற்பத்தைந்து டிகிரிவரை உயர்ந்திருக்கிறதா? சிறுநீர்ப் பை தரையில் படாமல், அதே நேரத்தில் இடுப்புக்குக் கீழே தொங்குகிறதா? வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற இரத்தக்குழாயில் செருகும் சிறு குழாய்) போட்ட இடம் சிவந்தோ வீங்கியோ இருக்கிறதா? இந்தக் குழாய் இன்றைக்கும் தேவையா என்று ஒவ்வொரு குழாயைப் பற்றியும் நாள்தோறும் மரியாதையாகக் கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். தலையில் கைவைத்து ஜெபிக்க வருகிறவர்களும், நெற்றியில் திருநீறு பூச வருகிறவர்களும், முதலில் வாசலில் இருக்கும் கரைசலைக் கையில் தேய்த்துக்கொள்ளட்டும். கட்டிலில் உட்கார வேண்டாம்.

பதிவு 6 | குழித்துறை_மருந்தாளுநர்

மருத்துவமனையைப் பற்றியே பேசுகிறோம். அங்கே போய்ச் சேரும் கிருமிக்கு வெளியே எப்படிப் பயிற்சி கிடைக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். என் கடைக்கு வருகிறவர்களில் பலர் சீட்டு கொண்டுவருவதில்லை. “சளிக்கு ஒரு செட் கொடுங்கள்” என்பார்கள். சளியும் தொண்டைக் கரகரப்பும் பெரும்பாலும் வைரஸால் வருபவை; அவற்றுக்கு ஆன்டிபயாடிக் எந்தப் பயனும் தராது. ஆனால் விழுங்கிய மாத்திரை குடலிலுள்ள கோடிக்கணக்கான நல்ல கிருமிகளைக் கொன்று, எதிர்ப்புத்திறன் உள்ள சிலவற்றுக்கு இடம் காலி செய்து கொடுக்கிறது. அந்த ஆள் அடுத்த மாதம் அறுவைக்குப் படுக்கும்போது, அந்தக் கிருமிகளையும் கூடவே கொண்டுபோகிறார்.

சட்டம் இல்லாமல் இல்லை. சீட்டின்றி விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியலான எச்1 அட்டவணை 2013-இல் அறிவிக்கப்பட்டு 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. செஃபிக்சைம் போன்ற மூன்றாம் தலைமுறை ஆன்டிபயாடிக்குகளும், மெரோபெனம் போன்ற கார்பபெனம் வகைகளும் அதில் இருக்கின்றன. அவற்றை விற்றால் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அட்டையில் செங்குத்தான சிவப்புக் கோடு இருந்தால் சீட்டின்றி வாங்கக் கூடாது என்ற பிரசாரம் 2016-இல் நடந்தது. களியக்காவிளைக்கு அந்தப்பக்கம் கேரளத்தில், 2024 தொடக்கத்தில் ‘ஆபரேஷன் அம்ருத்’ என்ற பெயரில் கடைகளில் திடீர் சோதனை நடத்தத் தொடங்கினார்கள். அதன் பிறகு அங்கே கிடைக்காததை இங்கே வந்து கேட்கும் முகங்களையும் நான் பார்த்திருக்கிறேன். எல்லைச் சாவடி லாரிக்குத்தான். மாத்திரைக்கும் கிருமிக்கும் இல்லை.

பதிவு 7 | வடசேரி_சந்தை

கடைசியில் பழி சாதாரண மக்கள்மேல் வந்து விழுந்துவிட்டது. ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் பிடித்துப் போய், டோக்கன் வாங்கிக் காத்திருந்து, கட்டணமும் கொடுத்து மருத்துவரைப் பார்க்க முடியாதவன்தான் மெடிக்கலில் ஒரு செட் வாங்குகிறான். தோவாளை அம்மாள் ஒரு செட்டும் வாங்கியவர் இல்லை. ஆனால் ‘ஆர்’ அத்தனையும் அவருக்குத்தான் கிடைத்திருக்கிறது. அந்தக் கிருமியை வளர்த்தது செஃபிக்சைம் வாங்கிய கூலிக்காரனா, சாதாரணக் காய்ச்சலுக்கும் முதல் நாளே பெரிய ஊசியை ஏற்றும் மருத்துவமனையா?

பதிவு 8 | குழித்துறை_மருந்தாளுநர்

அண்ணாச்சி, இரண்டுமே என்பதுதான் பதில். ஆனால் கார்பபெனம் என் கடை மேசையில் விற்கும் பொருள் அல்ல, அது ஊசி மருந்து, ஆகவே அதற்கு அடங்காத கிருமி வளர்ந்ததில் பெரும்பங்கு மருத்துவமனைகளுக்குத்தான் என்பதை நான் மறுக்கவில்லை.

பதிவு 9 | தக்கலை_டாக்டர்

தாமதமாகத்தான் இந்த இழையைப் பார்த்தேன். நோயாளியை நேரில் பார்க்காமல் மருந்து சொல்ல மாட்டேன். சிகிச்சையளிக்கும் மருத்துவரோடு பேசுவதற்குப் பயன்படும் விஷயங்களை மட்டும் எழுதுகிறேன்.

மெரோபெனம் கேட்கவில்லை என்றால் அடுத்த கேள்வி, ஏன் கேட்கவில்லை என்பது. கிளெப்சியெல்லா அந்த மருந்தை வெட்டிப்போடும் நொதியம் ஒன்றைத் தயாரிக்கிறது. இந்தியாவில் அதிகம் காணப்படுபவை இரண்டு: என்டிஎம், ஆக்சா-48. புது டெல்லியில் சிகிச்சை பெற்று சுவீடன் திரும்பிய ஒரு நோயாளியிடம் கண்டறியப்பட்டதால், 2009-இல் முதலாவதற்கு டெல்லியின் பெயர் சூட்டப்பட்டது. 2010-இல் வந்த விரிவான ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த கார்த்திகேயன் குமாரசாமி. நாட்டின் பெயரைக் கெடுக்கும் சதி என்று அப்போது டெல்லியில் பெரும் கூச்சல் எழுந்தது. அடுத்த ஆண்டே டெல்லித் தெருக்களில் தேங்கிய நீரின் 171 மாதிரிகளில் 51-இலும், குழாய் நீரின் 50 மாதிரிகளில் 2-இலும் அந்த மரபணு இருப்பது தெரியவந்தது. பெயருக்குச் சண்டை போட்ட நேரத்தில் சாக்கடையைப் பார்த்திருக்கலாம் என்பது என் எண்ணம். 2012-இல் சென்னையில் மருத்துவச் சங்கங்கள் கூடி, ஆன்டிபயாடிக் எதிர்ப்பைத் தடுக்க வெளியிட்ட ‘சென்னைப் பிரகடனம்’ அந்தச் சூழலில் பிறந்ததுதான்.

இந்த மரபணு, கிருமியின் முதன்மை இழையில் இல்லாமல், பிளாஸ்மிட் என்ற தனிச் சிறு வளையத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு கிளெப்சியெல்லா அந்த வளையத்தை நகலெடுத்துப் பக்கத்திலிருக்கும் ஈகோலை என்ற வேறொரு குடல் கிருமிக்குக் கொடுத்துவிடும். ஒரே வளையத்தில் ஐந்தாறு மருந்துகளுக்கான எதிர்ப்பும் சேர்ந்தே இருக்கும். அதனால்தான் அறிக்கையில் ‘ஆர்’ ஒன்றிரண்டாக வராமல் பத்தி பத்தியாக வருகிறது.

எந்த நொதியம் என்பதைச் சில மணி நேரத்தில் சொல்லிவிடும் மரபணுச் சோதனைகள் இருக்கின்றன. அது ஏன் முக்கியம் என்றால், செஃப்டாசிடிம்-அவிபாக்டம் என்ற புதிய மருந்து ஆக்சா-48 உள்ள கிருமிக்கு வேலை செய்யும்; என்டிஎம் இருந்தால் தனியாக வேலை செய்யாது. அஸ்ட்ரியோனம் என்ற பழைய மருந்தை என்டிஎம்மால் வெட்ட முடியாது. ஆனால் கூடவே இருக்கும் வேறு நொதியங்கள் அதை வெட்டிவிடும். அவிபாக்டம் அந்த வேறு நொதியங்களின் வாயை அடைக்கிறது. ஆகவே இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் அஸ்ட்ரியோனம் தப்பிப் பிழைத்துக் கிருமியை அடைகிறது. இதற்குச் செலவு அதிகம். எல்லா இடத்திலும் கிடைப்பதும் இல்லை. கொலிஸ்டினோ 1949-இல் ஜப்பானில் கண்டறியப்பட்டு, சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 1970-களில் கைவிடப்பட்டு, வேறு வழியில்லாமல் திரும்ப எடுத்துவரப்பட்ட மருந்து. அதைக் கொடுத்தால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவை விடாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சென்னையின் ஆர்கிட் நிறுவனம் கண்டுபிடித்த என்மெட்டாசோபாக்டம் என்ற மருந்து 2024-இல் அமெரிக்க ஒப்புதல் பெற்றது நமக்குப் பெருமைதான். ஆனால் அது வேறு வகை நொதியத்துக்கானது, என்டிஎம்முக்கு உதவாது.

திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோவது பற்றி: வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளியை எழுபது கிலோமீட்டர் கொண்டுபோவதே ஓர் ஆபத்து. இங்கேயே தொற்றுநோய் நிபுணரின் ஆலோசனையைத் தொலைபேசி வழியாகப் பெற முடியும் என்றால், முதலில் அதைச் செய்யச் சொல்லுங்கள். கொண்டுபோகத்தான் வேண்டும் என்றால், வெறும் டிஸ்சார்ஜ் சம்மரியோடு கிளம்பாதீர்கள். “ஹையர் ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டது” என்று ஒற்றை வரி எழுதிய சம்மரிகளைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. கல்ச்சர் அறிக்கையின் நகல், மரபணுச் சோதனை செய்திருந்தால் அதன் முடிவு, எந்த மருந்து எந்தத் தேதியிலிருந்து எந்த அளவில் என்ற விவரம் ஆகிய மூன்றும் உங்கள் கையில் இருக்க வேண்டும். சேர்க்கும் மருத்துவமனைக்கு முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டால், தனி அறையும் தனிக் கருவிகளும் ஒதுக்குவார்கள். சொல்லாமல் போனால், இன்னொரு ஐசியுவில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவருக்கு அதே அறிக்கை வரும். அறிக்கையின் நகலைக் கேட்டுப் பெறுவது நோயாளியின் உரிமை. யாரும் செய்யும் தயவு அல்ல.

வடசேரி அண்ணாச்சிக்கு ஒரு வார்த்தை. முதல் நாளே பெரிய ஊசி ஏற்றுவது பற்றி நீங்கள் கேட்டது சரி. செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் செயலிழக்கும் ஆபத்தான நிலை) என்று சந்தேகம் வந்தால் காத்திருக்க முடியாது, உடனே தொடங்கத்தான் வேண்டும். ஆனால் தொடங்குவதற்கு முன் இரத்தத்தை கல்ச்சர் புட்டியில் எடுத்துவிட வேண்டும். இரண்டு மூன்று நாளில் முடிவு வந்ததும் தேவையற்றதை நிறுத்தி, சிறிய மருந்து போதுமானால் அதற்கு மாற வேண்டும். கல்ச்சர் எடுப்பதும் குறைவு, மருந்தை மாற்றுவது அதைவிடக் குறைவு. அறுவைக்கு முன் கொடுக்கும் தடுப்பு ஊசியும் அப்படித்தான். கத்தி வைப்பதற்கு முன் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு டோஸ் செஃபாசோலின் பெரும்பாலான அறுவைகளுக்குப் போதும். ஒரு நாளைத் தாண்டித் தொடர்வதால் பயன் இல்லை. தையல் பிரிக்கும்வரை ஊசியும் அதற்குப் பிறகு மாத்திரையும் என்ற வழக்கம், புண் சீழ் பிடித்துவிடுமோ என்ற மருத்துவரின் பயத்துக்குக் கொடுக்கும் மருந்துதான்.

பதிவு 10 | மார்த்தாண்டம்_தேன்

கோழிக்கும் கொலிஸ்டின் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அது உண்மையா?

பதிவு 11 | கிருமித்தட்டு

கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எடை கூடுவதற்காகத் தீவனத்தில் கலப்பது வழக்கமாக இருந்தது. கொலிஸ்டினுக்கு அடங்காமல் செய்யும் எம்சிஆர்-1 என்ற மரபணு, பிளாஸ்மிட்டில் ஏறிப் பயணிக்கக்கூடியது என்று 2015-இல் சீனாவிலிருந்து செய்தி வந்தது. பன்றிகளிலும் கடை இறைச்சியிலும் நோயாளிகளிடமும் அது கிடைத்திருந்தது. இந்தியாவில் 2019 ஜூலையில், உணவுக்கு வளர்க்கும் விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் கொலிஸ்டினைத் தடை செய்து ஆணை வந்தது. நன்றாக வேகவைத்த கறியில் கிருமி பிழைக்காது. பச்சைக் கறியை நறுக்கிய பலகையிலேயே வெங்காயத்தையும் நறுக்குவதுதான் ஆபத்து.

பதிவு 12 | தோவாளை_மருமகள்

பதிலளித்த எல்லாருக்கும் நன்றி. டாக்டர் எழுதியதைக் காட்டிக் கேட்டதில், அந்த மரபணுச் சோதனைக்கு ஏற்பாடு செய்தார்கள். என்டிஎம், ஆக்சா-48 இரண்டும் இருக்கின்றன என்று முடிவு வந்தது. திருவனந்தபுரத்திலுள்ள ஒரு நிபுணரிடம் தொலைபேசியில் ஆலோசித்து, அந்த இரண்டு மருந்துகளையும் சேர்த்துத் தொடங்கியிருக்கிறார்கள். காய்ச்சல் இறங்கியிருக்கிறது, குழாயை எடுத்துவிட்டார்கள், இன்னும் ஆக்சிஜன் போகிறது. வீட்டுக்கு வந்த பிறகு இந்தக் கிருமி என் பிள்ளைகளுக்குத் தொற்றுமா? சின்னவளுக்கு ஒரு வயதுதான் ஆகிறது.

பதிவு 13 | ஓய்வுபெற்ற_சிஸ்டர்

நல்ல செய்தி. வீட்டில் அத்தையை ஒதுக்கி வைக்கத் தேவையில்லை, மருமகளே. குணமான பிறகும் அந்தக் கிருமி அவருடைய குடலில் மாதக்கணக்கில் தங்கியிருக்கக்கூடும். ஆனால் உடல்நலமுள்ள குழந்தைக்கு அதனால் நோய் வருவது மிக அரிது. பேத்தியைத் தூக்கிக் கொஞ்சட்டும். அவருக்குக் கழிவறைக்கு உதவுகிறவர் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும், அதே கையோடு சமையலுக்குப் போகக்கூடாது. துண்டு தனியாக இருக்கட்டும்; துணிகளைச் சாதாரண சோப்பில் துவைத்து வெயிலில் காயவைத்தால் போதும். அடுத்த முறை எந்தக் காரணத்துக்காக மருத்துவமனைக்குப் போனாலும், பல் பிடுங்குவதற்கானாலும் சரி, இந்த அறிக்கையைக் காட்டுங்கள்.

பதிவு 14 | குலசேகரம்_ரப்பர்

சிஸ்டர், இதையொட்டி ஒரு கேள்வி. என் அப்பாவுக்குப் பக்கவாதம். சிறுநீர்க் குழாயோடு வீட்டில்தான் இருக்கிறார். மாதாமாதம் குழாய் மாற்றும்போது சிறுநீரையும் கல்ச்சருக்குக் கொடுத்துவிடுகிறோம். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு கிருமி வருகிறது. ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் மாத்திரை எழுதுகிறார்கள். இப்போது வந்த அறிக்கையில் மாத்திரையாகக் கொடுக்கக்கூடியது ஒன்றும் மிச்சமில்லை, ஊசிதான் போட வேண்டும் என்கிறார்கள். அவருக்குக் காய்ச்சலோ வலியோ ஒன்றும் இல்லை.

பதிவு 15 | தக்கலை_டாக்டர்

சிஸ்டர் மன்னிக்க வேண்டும், இதற்கு நான் பதில் சொல்லிவிடுகிறேன். மாதக்கணக்கில் குழாய் இருப்பவரின் சிறுநீரில் கிருமி இல்லாமல் இருந்தால்தான் வியப்பு. காய்ச்சல், குளிர், அடிவயிற்று வலி, புதிதாக வந்த மனக்குழப்பம், இரத்த அழுத்தம் இறங்குவது போன்ற அறிகுறிகள் இல்லாதபோது, அந்தக் கிருமிக்கு மருந்து கொடுக்கக் கூடாது. கர்ப்பிணிகளும், சிறுநீர்ப் பாதையில் அறுவை செய்யப்போகிறவர்களும் இதற்கு முக்கியமான விதிவிலக்குகள். மருந்து கொடுத்தால் இன்றைய கிருமி போய், அதைவிட முரண்டு பிடிக்கும் ஒன்று அந்த இடத்துக்கு வரும். உங்கள் அப்பாவின் அறிக்கைகளில் மாதாமாதம் நடந்திருப்பது அதுதான். அறிகுறி இல்லாமல் கல்ச்சர் கொடுப்பதை நிறுத்துங்கள். சிறுநீர் கலங்கலாக இருப்பதும் நாற்றம் அடிப்பதும் மட்டும் காரணம் ஆகாது. காய்ச்சல் வந்தால், முதலில் பழைய குழாயை எடுத்துவிட்டுப் புதியது போட்டு, அந்தப் புதிய குழாயிலிருந்து மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். பழைய குழாயின் உட்சுவரில் படிந்திருக்கும் கிருமிகள் அறிக்கையைக் குழப்பிவிடும். இப்போது எழுதிக் கொடுத்த ஊசியைப் போடுவதற்கு முன், அறிகுறி எதுவும் இல்லை என்பதைச் சொல்லி, அது தேவைதானா என்று அந்த மருத்துவரிடமே கேளுங்கள். குழாய் இல்லாமல், நாளுக்கு நான்கைந்து முறை மெல்லிய குழாய் விட்டுச் சிறுநீரை வெளியேற்றும் முறைக்கு மாற முடியுமா என்பதையும் அதே சந்திப்பில் கேட்டுவிடுங்கள்.